நாகா சிட்டில பாம்பு இல்லங்க, மரம்தான்

பிலிப்பைன்ஸ் மேப்பைப் பெருசாக்கிப் பார்க்கிற நம்ம ஆளுங்க கண்ணு மணிலாவைத் தாண்டினதும் டக்குனு போய் நிக்கிற ஒரு ஊர் இருக்கு. லூசோன் தீவோட தென்கிழக்கு வால் பகுதில, கமரினெஸ் சூர் மாகாணத்துக்கு நடுவுல, நாகா. அதே மாகாணத்துல கோவான்னு ஒரு ஊர் வேற இருக்கா, அவ்வளவுதான், உடனே ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "நாகர்கள் கடல் கடந்து போய் கட்டின நகரம், பேரைப் பாருங்க"ன்னு எழுதிடுவாரு. எங்க மாமா ஒருத்தர் இதை எனக்கு மூணு தடவ அனுப்பிட்டாரு. மூணாவது தடவ வந்தப்பதான் சரி, என்னதான் இருக்குன்னு உக்காந்து பார்ப்போம்னு தோணுச்சு. பார்த்ததுல மாமா சொன்னது தப்புன்னு தெரிஞ்சது, ஆனா அந்தப் பேர்ல மாமா நினைச்சதைவிட நல்ல சங்கதி இருக்கு.

முதல்ல ஊரைப் பத்தி. மணிலாவுல இருந்து ரோடு வழியா கிட்டத்தட்ட 380 கிலோமீட்டர். பிகோல் ஆத்தங்கரை ஊர், கிழக்குப் பக்கம் ஈசரோக்னு ஒரு எரிமலை சத்தமில்லாம நிக்கும். 2020 சென்சஸ்படி மக்கள் தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. நம்ம கணக்குல ஒரு நடுத்தர ஊர்தான், ஆனா பிகோல் பகுதி முழுக்க படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாமி கும்பிடவும் இங்கதான் வருவாங்க. ஊர்க்காரங்க இதை "மாவோக்மாங் லுகார்"னு சொல்லிக்குவாங்க, சந்தோஷமான இடம்னு அர்த்தம். நாகான்னு பேர் இருக்கிற ஊர் இது ஒண்ணு மட்டும் இல்ல, செபு தீவுல ஒரு நாகா, மிண்டானாவோ பக்கம் சம்போவாங்கா சிபுகாய்ல இன்னொரு நாகா. நாகர்கள் மூணு இடத்துல கப்பலை நிறுத்தினாங்களான்னு மாமாகிட்ட கேக்கணும்.

பிகோல் மொழில நாகான்னா ஒரு மரம். வடக்க இலோகானோ மொழில அதையே நாரான்னு சொல்லுவாங்க, இன்னிக்கு நாடு முழுக்கப் புழங்குற பேரும் அதுதான், 1934ல பிலிப்பைன்ஸோட தேசிய மரமா அறிவிச்சது இதைத்தான். தாவரவியல் பேரு ப்டெரோகார்பஸ் இண்டிகஸ். சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், ரோட்டோரமா பெருசா குடை விரிச்சு நின்னு, திடீர்னு ஒரு நாள் மஞ்சளா பூத்து அடுத்த நாளே நடைபாதை முழுக்கக் கொட்டிடுமே அந்த அங்சானா, அதேதான். நம்மூர் வேங்கை இருக்கு பாருங்க, ப்டெரோகார்பஸ் மார்சுபியம், அது இதுக்கு அக்கா தங்கச்சி முறை. ரெண்டும் ஒரே பேரினம், ரெண்டுக்கும் மஞ்சப் பூ, ரெண்டையும் வெட்டினா செக்கச்செவேல்னு பிசின் வடியும். அதனால தமிழ்ல அந்த ஊருக்குப் பேர் வைக்கணும்னா நாகப்பட்டினம்னு வைக்கக் கூடாது, வேங்கையூர்னு வேணா வைக்கலாம்.

சரி, மரம்னு எப்படி அடிச்சுச் சொல்ல முடியும், பாம்புன்னும் இருந்திருக்கலாமேன்னு கேட்டா, அங்கதான் மொழியியல் வருது. கொஞ்சம் பொறுமையா வாங்க, இது கஷ்டமில்ல. மலாய், தகலோக் (மணிலாப் பக்கத்து பாஷை), பிகோல், இலோகானோ எல்லாமே ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், ஒரே பாட்டியோட பேரப்பிள்ளைங்க. அந்தப் பாட்டி மொழில ஒரு சத்தம் இருந்திருக்கு, மலாய்ல அது "ர" ஆச்சு, இலோகானோலயும் "ர", ஆனா தகலோக், பிகோல், செபுவானோவுல எல்லாம் அது "க" ஆயிடுச்சு, அதாவது நாகம்ங்கிறதுல வர்ற மெல்லிசான க. புதுசுங்கிறதுக்கு மலாய்ல பஹாரு (ஜோகூர் பாரு ஞாபகம் இருக்கா, அந்தப் பாருதான்), இலோகானோவுல பாரோ, தகலோக்லயும் பிகோல்லயும் பாகோ. நரம்பு, வேர்ங்கிறதுக்கு மலாய்ல உராத், தகலோக்ல உகாத். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா வார்த்தைங்க இப்படி ஜோடி ஜோடியா நிக்கும். 19ஆம் நூற்றாண்டுலயே வான் டெர் டூக்னு ஒரு டச்சுக்காரர் இதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காரு, ஆர் ஜி எச் விதின்னு சொல்லுவாங்க. இப்ப நாரா, நாகா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பாரோ பாகோ மாதிரியே இல்ல? ஒரே மரம், ஒரே பழைய வார்த்தை, ஒரு பக்கம் ர ஆகி இன்னொரு பக்கம் க ஆயிருக்கு. சம்ஸ்கிருதப் பாம்பு வந்து சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, அந்தத் தீவுகளுக்கு ஜனங்க வந்து குடியேறின காலத்துலயே, இந்த மரப்பேரு அவங்க வாயில இருந்திருக்கு.

அதுக்காகப் பாம்பு அந்தப் பக்கமே போகலன்னு சொல்லல. தெற்கே மிண்டானாவோவுல மரநாவோ மக்கள் மரவேலைப்பாட்டுல நாகான்னே ஒரு பாம்பு வடிவம் செதுக்குவாங்க, அது சம்ஸ்கிருத வார்த்தைதான், மலாய் உலகம் வழியா போனது. அதனால "நாகா"ன்னு ரெண்டு தனித்தனி வார்த்தைங்க அந்தத் தீவுக்கூட்டத்துல இருக்கு, கேக்க ஒண்ணா இருக்கும், பூர்வீகம் வேற வேற. ஊர்ப்பேர் விஷயத்துல நாம சறுக்குற இடமே இதுதான், காதுக்கு ஒண்ணா கேட்டா ரத்த சொந்தம்னு முடிவு பண்ணிடுறோம்.

இதுல வேடிக்கை என்னன்னா, நம்ம பக்கத்து வார்த்தை நிஜமாவே ஒளிஞ்சிருக்கிற ஊர் ஒண்ணு இருக்கு, அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. மணிலா! அதோட பழைய பேரு மாய்நிலா. ஸ்கூல்ல அங்க சொல்லித்தர்றது "நிலாத்"னு ஒரு சதுப்புநிலச் செடி, அது நிறைய இருந்ததால மாய் நிலாத், அதுவே மாய்நிலா ஆச்சுன்னு. ஆனா தகலோக் பேசுறவங்க கடைசில வர்ற "த்"தை அப்படிச் சும்மா முழுங்க மாட்டாங்க, பழைய ஸ்பானிஷ் பதிவுங்கள்லயும் அந்த "த்" கிடையாது. தகலோக்ல "நிலா"ன்னா அவுரி, அதாவது நீலச் சாயம், சம்ஸ்கிருத நீலத்துல இருந்து போனது, நாம நீலம்னு சொல்ற அதே வார்த்தை. மாய் நிலான்னா அவுரி இருக்கிற இடம். வரலாறு எழுதுறவங்க நிறைய பேர் இப்ப இந்தப் பக்கம்தான் நிக்கிறாங்க. ஆக நாகாவுல இந்தியா இல்ல, மணிலாவுல இருக்கு. மாமா ரோங் நம்பர் போட்டுட்டாரு, அவ்வளவுதான்.

திரும்ப நம்ம மரத்துக்கு வருவோம், ஏன்னா இந்த ஊர் நாகா மரத்துக்குப் பேர் போனதுங்கறதுக்கு எதிர்பாக்காத இடத்துல ஒரு சாட்சி இருக்கு. எங்கம்மா ஒரு பொருட்காட்சில வேங்கை மர டம்ளர் வாங்கிட்டு வந்தாங்க, ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு காலைல குடிச்சா சுகர் குறையும்னு யாரோ சொல்லி (அது குறையுமா குறையாதாங்கறது தனி பஞ்சாயத்து, அதுக்குள்ள நான் போகல). காலைல பார்த்தா தண்ணி டீ கலர்ல இருக்கும். அதையே கண்ணாடி கிளாஸ்ல மாத்தி வெயில்ல வச்சா ஓரத்துல லேசா ஒரு நீலம் மின்னும். இந்த நீலத்தை வச்சு ஐரோப்பாவே 300 வருஷம் மண்டையை உடைச்சிக்கிச்சு தெரியுமா? 16ஆம் நூற்றாண்டுல இருந்து அங்க "லிக்னம் நெஃப்ரிட்டிகம்"னு ஒரு மரம் பிரபலம், கிட்னிக்கு மருந்துன்னு பேரு. அந்த மரத்துல செஞ்ச கப்புல தண்ணி ஊத்தினா நீலமா தெரியும், கையில தூக்கி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா நீலம் காணாமப் போயிடும். கிர்ச்சர்னு ஒரு ஜெசூயிட் பாதிரியார் 1646ல இதைப் பத்தி எழுதினாரு, ராபர்ட் பாயில் 1664ல சோதனை பண்ணிப் பார்த்தாரு. இதுக்கு ஃப்ளூரசன்ஸ்ன்னு (வாங்கின வெளிச்சத்தை வேற நிறத்துல திருப்பி விடுறது) பேரு வைக்கவே 1852 ஆச்சு.

எல்லாரும் அந்த மரம் மெக்சிகோ மரம்னு நினைச்சிட்டு இருந்தாங்க. காரணம் சிம்பிள், மணிலாவுல இருந்து ஸ்பானிஷ் கப்பல் பசிஃபிக்கைத் தாண்டி மெக்சிகோவோட அகபுல்கோ துறைமுகத்துக்குப் போகும், அங்க இருந்து சரக்கு ஸ்பெயினுக்குப் போகும், வாங்குறவனுக்கு எல்லாமே மெக்சிகோ சரக்குதான். 1915 வாக்குல சாஃபர்ட்னு ஒரு அமெரிக்கத் தாவரவியல்காரர்தான் முடிச்சை அவிழ்த்தாரு, ஒரே பேர்ல ரெண்டு மரம் கலந்து போயிருக்கு, ஒண்ணு மெக்சிகோவோட ஒரு குத்துமரம், இன்னொண்ணு பிலிப்பைன்ஸ் நாரா. அந்த நாரா கப்பெல்லாம் பெரும்பாலும் எங்க கடைஞ்சாங்கன்னா தெற்கு லூசோன்ல, குறிப்பா நாகா ஊர் வட்டாரத்துல. ஆக அந்த மரம் அந்த ஊர்ல சும்மா நிக்கல, தொழிலாவே இருந்திருக்கு. பேருக்குக் காரணம் மரம்னு சொல்றதுக்கு எனக்கு இதைவிட வேற சாட்சி வேணாம்.

இப்ப ஸ்பானிஷ்காரங்க கதைக்கு வர்றேன். 1573ல ஹுவான் தெ சல்செதோங்கிற இளவட்டத் தளபதி தங்கம் இருக்கான்னு தேடிக்கிட்டு பிகோல் பக்கம் வந்து ஆத்தோட மேல போனாரு. பிகோல்ங்கிற பேருக்கே ஆறு வளைஞ்சு நெளிஞ்சு போறதால வந்ததுன்னு ஒரு விளக்கம் உண்டு, கோணல், வளைவுங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தை. மேப்ல அந்த ஆத்தைப் பார்த்தா நம்பத் தோணும். ரெண்டு வருஷம் கழிச்சு 1575ல பெத்ரோ தெ சாவெஸ் வந்து நாகா கிராமத்தை ஒட்டியே ஒரு ஸ்பானிஷ் நகரத்தை ஆரம்பிக்கிறாரு. பேர்? நுவேவா காசெரெஸ். புது காசெரெஸ். அப்ப மணிலாவுல கவர்னரா இருந்த ஃபிரான்சிஸ்கோ தெ சாந்தே, ஸ்பெயின்ல காசெரெஸ் ஊர்க்காரரு. மேலதிகாரியோட சொந்த ஊர் பேரை வச்சா பதவிக்கு நல்லதுன்னு நினைச்சாங்களோ இல்ல ஆளுக்கு ஊர் ஞாபகமோ, எதுவா இருந்தாலும் காசெரெஸ்ங்கிறது ஸ்பெயின்ல கடலே இல்லாத, வறண்ட எக்ஸ்த்ரெமதூரா பகுதில கல்லுல கட்டின ஊர். நாகாவோ வருஷத்துக்கு ரெண்டு மூணு புயல் எட்டிப் பார்த்துட்டுப் போற, ஆறு பொங்குற ஈர பூமி. எந்தப் பொருத்தமும் இல்ல!

இந்த நுவேவா காசெரெஸ் கிட்டத்தட்ட 350 வருஷம் அரசாங்கக் காகிதத்துல இருந்துச்சு. 1595ல போப் தனி மறைமாவட்டமே உருவாக்கினாரு இந்தப் பேர்ல. ஆனா ஊர் ஜனங்க வாயில நாகா போகவே இல்ல. கடைசில அமெரிக்கர் ஆட்சிக் காலத்துல 1919ல அரசாங்கமே இறங்கி வந்து ஊர் பேரை நாகான்னு மாத்திடுச்சு, 1948ல அதே பேர்ல சிட்டி அந்தஸ்தும் கிடைச்சது. ஸ்பானிஷ் பேர் செத்துப் போச்சான்னா அதுவும் இல்ல. மறைமாவட்டம், இப்ப உயர்மறைமாவட்டம், இன்னும் காசெரெஸ்தான். 1948ல ஆரம்பிச்ச ஒரு யுனிவர்சிட்டி, அதாவது நாகா சிட்டி ஆன அதே வருஷம், தன் பேரை யுனிவர்சிட்டி ஆஃப் நுவேவா காசெரெஸ்னுதான் வச்சிக்கிச்சு. இதே கதை வடக்கயும் நடந்திருக்கு, ககயான் மாகாணத்துல நுவேவா செகோவியான்னு லால்லோங்கிற ஊருக்குப் பேர் வச்சாங்க, பிஷப் 1758ல இலோகோஸ்ல இருக்கிற விகானுக்குக் குடிமாறிட்டாரு, ஆனா மறைமாவட்டம் பேரு இன்னிக்கும் நுவேவா செகோவியா, அந்தப் பேர்ல ஊருன்னு ஒண்ணு கிடையாது. சர்ச்சுக்கு ஃபைல் பேரை மாத்துற பழக்கமே இல்ல போல.

மாகாணத்தோட பேரு கமரினெஸ். கமரின்னா ஸ்பானிஷ்ல கொட்டகை, களஞ்சியம். ஆத்தோரமா வயலும் நெல்லுக் கொட்டாயுமா இருந்ததைப் பார்த்து கொட்டாய்ச் சீமைன்னு வச்சிட்டாங்க. இந்த மாகாணத்தை 1829ல ரெண்டாப் பிரிச்சு, 1854ல சேர்த்து, 1857ல திரும்பப் பிரிச்சு, 1893ல திரும்பச் சேர்த்து, 1919ல கடைசியா நோர்தே, சூர்னு (வடக்கு, தெற்கு) பிரிச்சாங்க. சேர்ந்திருந்த காலத்துல அதுக்குப் பேர் "ஆம்போஸ் கமரினெஸ்", ரெண்டு கமரினெஸும்னு அர்த்தம். சண்டை போட்டுட்டு ஒரே வீட்ல இருக்கிற அண்ணன் தம்பிக்கு போர்டு மாட்டின மாதிரி இல்ல? 2011ல மறுபடியும் ஒரு துண்டைப் பிரிச்சு நுவேவா கமரினெஸ்னு வைக்கப் பார்த்தாங்க, நடக்கல. ஸ்பானிஷ்காரன் போய் நூத்துச் சொச்சம் வருஷம் ஆகியும் புதுசுன்னா நுவேவாதான் வாயில வருது.

1955ல மாகாணத் தலைநகரத்தை நாகாவுல இருந்து பக்கத்துல இருக்கிற பிலிக்கு மாத்திட்டாங்க. பிலின்னா என்ன? அதுவும் ஒரு மரம்தான், பிகோல்ல மட்டும் செழிப்பா வளர்ற பிலி பருப்பு மரம், பாதாம் மாதிரி கொட்டை, சர்க்கரைப் பாகுல போட்டு ஊர் பூரா விப்பாங்க. (இல்ல, "பினிலி", தேர்ந்தெடுத்ததுங்கிற வார்த்தைல இருந்து வந்ததுன்னும் சொல்றவங்க உண்டு, எனக்கு என்னவோ கொட்டைதான் சரின்னு படுது.) ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்குத் தலைநகரம் தாவியிருக்கு.

சுத்துப்பட்டு ஊர் பேரையும் கொஞ்சம் பாருங்க. பாத்தோன்னா கல்லு. மாயோன் எரிமலை, "மகாயோன்", அழகானது. புஹின்னா பிகோல்ல தப்பிச்சுப் போறது, எரிமலை வெடிச்சப்ப தப்பிச்சு வந்தவங்க உக்காந்த ஊர்னு சொல்றாங்க. செபுவானோவுல அதே புஹின்னா உயிரோட இருக்கிறது. தப்பிச்சவன்தானே உயிரோட இருப்பான், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தூரமில்ல. மரம், கல், ஆறு, மலை, ஓட்டம். ஊர்ப்பேர்ங்கிறது பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமாத்தான் இருக்கும்.

ஆனா சாதாரணமா இருந்தா கதை சொல்ல முடியாதே. அதனால பிலிப்பைன்ஸ்ல கிட்டத்தட்ட ஊருக்கு ஒண்ணுன்னு ஒரே அச்சுல வார்த்த கதை ஒண்ணு சுத்தும். ஸ்பானிஷ் சிப்பாய் ஒருத்தன் வருவான், உள்ளூர்க்காரன் ஏதோ வேலையா இருப்பான், "இந்த ஊர் பேர் என்ன"ன்னு இவன் ஸ்பானிஷ்ல கேப்பான், அவன் தன் வேலையைப் பத்திக் கேக்கிறான்னு நினைச்சு ஏதோ ஒண்ணு சொல்லுவான், இவன் அதையே நோட்ல எழுதிக்குவான். விகான்ல சிப்பாய் கையைக் காட்டின இடத்துல ஒரு செடி இருந்துச்சாம், ஆள் "பிகாஆ"ன்னு செடி பேரைச் சொன்னானாம் (நம்ம சேம்பு குடும்பத்துல பெரிய இலை வச்ச ஒரு செடி). சோர்சொகோன்ல வழி கேட்டதுக்கு "சொல்சொகோன்", ஆத்தோடயே போன்னு சொன்னானாம். இரிகால "இ ராகா", அங்க நிலம் இருக்குன்னானாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மஸ்பாதே தீவு கதை. சிப்பாய் வந்தப்ப உள்ளூர்க்காரர் ஒருத்தர் சாக்லேட் கலக்கிட்டு இருந்தாராம், கூட இருந்த ஆளைப் பார்த்து "இன்னும் அடி, இன்னும் அடி"ன்னு கத்துறாரு, ஸ்பானிஷ்ல "மாஸ், பாதே", அதையே ஊர் பேர்னு எழுதிட்டாங்களாம். கொஞ்சம் யோசிங்க. கக்காவ் மரமே மெக்சிகோவுல இருந்து ஸ்பானிஷ் கப்பல்ல 17ஆம் நூற்றாண்டுல வந்தது. மஸ்பாதே பேரோ 1582ல லோஆர்காங்கிறவர் எழுதின அறிக்கைலயே வந்துடுச்சு. அதாவது ஊர் பேர் முதல்ல எழுதப்பட்டுச்சு, அப்புறம்தான் கலக்குறதுக்கு சாக்லேட்டே வந்துச்சு. அதுவும் போக, கேள்வி ஸ்பானிஷ்ல புரியல, ஆனா பதில் மட்டும் சுத்தமான ஸ்பானிஷ்ல வருதாம்.

நிஜத்துல ஸ்பானிஷ்காரங்க அவ்வளவு பேக்கும் இல்ல. 1521ல மகெல்லன் வந்தப்பவே கூட மலாய் பேசுற என்ரிகேங்கிற அடிமை மொழிபெயர்ப்பாளரா இருந்தான். அப்புறம் வந்த பாதிரியாருங்க உள்ளூர் மொழியைக் கரைச்சுக் குடிச்சவங்க, பிகோலுக்கே மார்கோஸ் தெ லிஸ்போவான்னு ஒரு ஃபிரான்சிஸ்கன் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பெரிய அகராதி தொகுத்தாரு, அது 1754ல அச்சாச்சு. சிப்பாய் கதைல முழுப் பொய்யும் இல்லைங்கறதையும் சொல்லணும், விகான் கதைல சிப்பாயும் கை காட்டினதும் கற்பனை, ஆனா அந்தச் செடி நிஜமா இருக்கலாம். வார்த்தையோட அர்த்தம் ஊர் ஞாபகத்துல தங்கிடுது, அது எப்படி வந்துச்சுன்னு மறந்து போகுது, அந்த ஓட்டையை அடைக்க சிப்பாய் வர்றான்.

இந்தக் கதைங்க இவ்வளவு உறுதியா நின்னதுக்கு ஒரு அரசாங்க ஆர்டரும் காரணம்னு நான் நினைக்கிறேன். 1945ல மணிலா சண்டைல நகரமே தரைமட்டம், நூலகம், ஆவணம் எல்லாம் எரிஞ்சு சாம்பல். நாட்டோட உள்ளூர் வரலாறு ஏதாவது மிஞ்சணுமேன்னு அதிபர் எல்பிதியோ கிரினோ 1951 டிசம்பர்ல ஒரு உத்தரவு போட்டாரு, எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் 486, நாடு முழுக்க பப்ளிக் ஸ்கூல் டீச்சருங்க அவங்கவங்க ஊர் வரலாறு, பழக்கவழக்கம் எல்லாம் சேகரிச்சு எழுதித் தரணும்னு. நல்ல வேலைதான், அந்தப் பேப்பரெல்லாம் இன்னிக்கும் தேசிய நூலகத்துல இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் புதையல். ஆனா அதுல ஊர் பேர் எப்படி வந்ததுன்னும் எழுதணும். டீச்சர் என்ன பண்ணுவாங்க, பாவம்? தெரியாதுன்னு எழுதினா ஹெட்மாஸ்டர் திட்டுவாரு. ஊர்ப் பெரியவர்கிட்ட போய்க் கேப்பாங்க, அவரு அவங்க தாத்தா சொன்ன சிப்பாய் கதையைச் சொல்லுவாரு, இது டைப் ஆகி ஃபைலுக்குப் போயிடும், அங்க இருந்து ஸ்கூல் பாடத்துக்கும் முனிசிபாலிட்டி போர்டுக்கும் வந்துடும். வாய்ல இருந்தவரைக்கும் அது கதை, டைப் அடிச்சதும் வரலாறு.

நாகாவுக்குள்ள 27 பரங்காய் இருக்கு, நம்ம வார்டு மாதிரி. அந்த லிஸ்ட்டைப் படிச்சாலே அடுக்கடுக்கா காலம் தெரியும். சபாங், ஆத்து வாய், ஆறு வந்து சேர்ற இடம். மபோலோ, மேல பூனை முடி மாதிரி இருக்கிற ஒரு பழ மரம். தினாகோ, "தாகோ"ன்னா ஒளியுறது, ஒளிச்சு வச்ச இடம். தெற்குல இருந்து அடிமை பிடிக்கக் கப்பல்ல வந்தவங்களுக்குப் பயந்து ஜனங்க ஓடி ஒளிஞ்ச காலம் அந்தத் தீவுங்கள்ல ரொம்ப நீளம், இந்தப் பேர் பிலிப்பைன்ஸ்ல நிறைய இடத்துல இருக்கு. அப்புறம் சர்ச்சு அடுக்கு, சான் ஃபெலிபே, சான் ஃபிரான்சிஸ்கோ, சாந்தா குரூஸ். கொன்செப்சியோன் ரெண்டு இருக்கு, ஒண்ணு கிராந்தே இன்னொண்ணு பெகென்யா, பெருசு சின்னது. இகுவால்தாத்னு ஒண்ணு, சமத்துவம். திரியாங்குலோன்னு ஒண்ணு, முக்கோணம், அர்த்தம் கேக்கவே வேணாம்.

பகும்பாயான்னு ரெண்டு பரங்காய், வடக்கும் தெற்கும். பாகோ பாயான், புது ஊர். மேல சொன்ன பாகோ, ஜோகூர் பாருவோட பாரு, இங்க வந்து நிக்குது பாருங்க. ஸ்பானிஷ்காரன் நுவேவான்னு சொன்னதையே இவங்க பாஷைல பகும்பாயான்னு சொல்லிக்கிட்டாங்க. மணிலாவுலயும் ஒரு பகும்பாயான் உண்டு, பிலிப்பைன்ஸோட தேசியத் தலைவர் ஹோசே ரிசாலை ஸ்பானிஷ்காரங்க 1896 டிசம்பர் 30ல சுட்டுக் கொன்ன மைதானம். அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு, 1897 ஜனவரி 4ல, அதே மைதானத்துல ஸ்பெயினை எதிர்த்தாங்கன்னு பிகோல்காரங்க 11 பேரை நிக்க வச்சு சுட்டாங்க. அவங்களையும், அதே வழக்குல சிறையிலயும் நாடு கடத்தலிலும் போன மத்தவங்களையும் சேர்த்து 15 பேர், "கின்சே மார்த்திரெஸ்", பதினஞ்சு தியாகிகள்னு நாகா நடுவுல ஒரு பிளாசா இருக்கு. ஸ்பெயினை எதிர்த்துச் செத்தவங்களுக்கு ஸ்பானிஷ் எண்ணுல பேர்.

இனிமே பேரை மாத்துறது அவ்வளவு லேசு இல்ல. 1991ல வந்த உள்ளாட்சிச் சட்டத்துல இதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, உயிரோட இருக்கிறவங்க பேரை ஊருக்கு வைக்கக் கூடாது, தக்க காரணம் இல்லாம மாத்தக் கூடாது, மாத்தினாலும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல கூடாது, வரலாற்று முக்கியத்துவம் இருக்கிற பேர்னா கவுன்சில் மொத்தமும் ஒரே குரல்ல ஒத்துக்கணும். உயிரோட இருக்கிறவங்க பேர் கூடாதுங்கிற அந்த வரியை நம்ம பக்கத்துக்கும் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

ஒரு பரங்காய் பேரைக் கடைசிக்குன்னு வச்சிருந்தேன். பென்யாஃபிரான்சியா. நாகாவோட மாதா பேரும் அதுதான், செப்டம்பர் மாசம் வர்ற திருவிழாவுல லட்சக்கணக்குல கூட்டம், வெறுங்காலோட வோயதோர்னு சொல்ற ஆம்பளைங்க மாதா சிலையைத் தோள்ல மாத்தி மாத்தித் தூக்கி, கடைசில படகுல ஏத்தி ஆத்து வழியா கோவிலுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. பேரோட பூர்வீகம் ஸ்பெயின்ல சலமான்கா பக்கம் ஒரு மலை, "பென்யா தெ ஃபிரான்சியா", பிரான்ஸ் பாறை, பிரான்ஸ்ல இருந்து வந்து குடியேறின ஆளுங்களால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. 1710 வாக்குல மிகெல் தெ கோவருபியாஸ்ங்கிற பாதிரியார் அந்த வழிபாட்டை இங்க ஆரம்பிச்சு வச்சாரு. பிரான்ஸ் பேரு ஸ்பெயின் மலைக்குப் போய், மலை பேரு மாதாவுக்கு ஆகி, மாதா பேரு பிகோல் ஆத்தங்கரைல ஒரு வார்டுக்கு வந்து உக்காந்திருக்கு. ஆனா ஆத்தங்கரைல மெழுகுவத்தியோட நிக்கிற பாட்டிகிட்ட கேட்டா இவ்வளவு நீளமெல்லாம் சொல்ல மாட்டாங்க, "இனா"ன்னுதான் சொல்லுவாங்க. பிகோல்ல அம்மான்னு அர்த்தம்.